‘கியர்பாக்ஸ் போச்சு சார்’: பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸை இறக்கக் கொடுப்பதற்கு முன்

அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்பதற்காகவே 2012 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை. போன வருடம் அக்னி நட்சத்திர வெயிலில், கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் முக்குகிறது, வண்டி ஊர்கிறது. பின்னால் ஹாரன் சத்தம். ஓரங்கட்டி, அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

முதலில் போன ஷெட்டில் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்ட் ஓட்டிவிட்டு, “கியர்பாக்ஸ் போச்சு சார், கழற்றி இறக்கணும். எண்பத்தஞ்சாயிரம் ஆகும்” என்றார்கள். கடைசியில் கெட்டிருந்தது கட்டைவிரல் அளவே இருக்கும் ஒரு சென்சார். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏழு வாரமும், தேவையே இல்லாமல் 14,000 ரூபாயும் போயின. அந்த ஏழு வாரத்தில் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் சென்னையில் எனக்கு ஆனவை. உங்கள் வண்டிக்கும் ஊருக்கும் தகுந்தபடி கூடும், குறையும்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறோம். உள்ளே இருப்பது நான்கு வகை. வகை தெரியாமல் ஷெட்டுக்குப் போனால் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டிவரும்.

ஏ.எம்.டி: 2014-இல் செலரியோவோடு நம் ஊருக்கு வந்தது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்யும். கியர் லிவரில் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை இருக்காது, அதுவே அடையாளம். இதில் இழுவை போனால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். மேனுவல் காரில் மாற்றுவது போன்ற வேலைதான். மாற்றியபின் கம்ப்யூட்டரில் கிளட்ச்சைப் பழக்கிவிட வேண்டும். ஏ.எம்.டி வைத்திருப்பவரிடம் ‘ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓவரால்’ என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டார்க் கன்வர்ட்டர்: பழைய குடும்பக் கார்களில் அதிகம் இருப்பது. எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தின் பெயரே வகைக்கும் பெயர். பி, ஆர், என், டி, அதற்குக் கீழே 2, எல் என்று லிவர் இருக்கும். கியர் மாறுவது லேசாகத் தெரியும். என் வண்டி இந்த வகை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இதற்கானது.

சி.வி.டி: கியர் மாறுவதே தெரியாது, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி ஒரே சுருதியில் நிற்கும். உள்ளே ஸ்டீல் பெல்ட். இதற்குத் தனி ஆயில், சாதாரண ஏ.டி.எஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கான ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

இரட்டைக் கிளட்ச்: டி.எஸ்.ஜி, டி.சி.டி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். இதை மட்டும் அந்த வகையில் பழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

2. ஷெட்டுக்குப் போகும் முன் மூன்று நாள் குறிப்பு எடுங்கள்

“ஏதோ ஜெர்க் அடிக்குது” என்று போய் நின்றால் அவர்களும் ‘ஏதோ’ ஒன்றைத்தான் மாற்றுவார்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இவற்றைக் கவனித்து எழுதுங்கள்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு? எந்த கியரிலிருந்து எந்த கியருக்கு? ஆர்.பி.எம் முள் எங்கே நிற்கிறது? பக்கத்தில் ஆள் இருந்தால் டேஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் ஓட்டும்போது வண்டி ஒழுங்காகத்தான் ஓடும், அது அதன் குணம்.

காலையில் டி போட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது என்றால் ஆயில் குறைவாக இருக்கலாம், அல்லது உள்ளே சீல்கள் தளர்ந்திருக்கலாம். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்குகின்றன. இது நிஜமாகவே கவலைப்பட வேண்டியது. ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் அது ‘லிம்ப் மோட்’: கம்ப்யூட்டர் ஏதோ தவறான தகவலைப் பார்த்துவிட்டு, பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டிவிடுகிறது. மேம்பாலத்தில் என் வண்டி மூன்றாவது கியரில் இப்படித்தான் பூட்டிக்கொண்டு நின்றது. லிம்ப் மோட் வந்ததாலேயே கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

கியர்பாக்ஸ் மாதிரி நடிக்கும் வேறு கோளாறுகளும் உண்டு. டி அல்லது ஆர் போடும்போது ‘டொக்’ என்று இடித்தால் முதலில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடியில் அழுக்கேறி, நிற்கும்போதே எஞ்சின் சுற்றும் வேகம் (ஐடிலிங்) அதிகமாக இருந்தாலும் இதே இடி வரும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நடுங்கினால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கமும் பார்க்க வேண்டும். பேட்டரி வலுவிழந்திருந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் இல்லாத குறையெல்லாம் சொல்லும்.

லிவர் ‘பி’யிலிருந்து வரவே மாட்டேன் என்கிறதா? பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் போயிருக்கும், இல்லையென்றால் ஃபியூஸ். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதுவரை நகர்த்த, பல வண்டிகளில் லிவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி, சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ உள்ளே அழுத்திக்கொண்டே லிவரை இழுத்தால் வந்துவிடும். பிரேக்கில் கால் இருக்கட்டும்.

3. ஆயிலைக் கண்ணால் பாருங்கள்

என் பணம் ஒழுகியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டி என்றால் நீங்களே பார்க்கலாம். ஆனால் பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹூண்டாயின் நான்கு கியர் பாக்ஸில் வண்டியை நன்றாகச் சூடாக்கி, லிவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய பாக்ஸ்களில் சூடாக்கி, எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சரியான அளவே தப்பாகத் தெரியும். யாராவது அதன்மேல் அரை லிட்டர் ஊற்றியும் விடுவார்கள். கூடினாலும் கெடுதல்தான்: ஆயில் நுரைத்து, பிரஷர் விழுந்து, பாக்ஸ் வழுக்கும். உங்கள் ஓனர் மேனுவலில் இதற்கு ஒரு பக்கம் இருக்கும்.

வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாக, தெளிவாகப் பரவினால் நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் நிறத்தில் பால் மாதிரி இருந்தால் வண்டியை அதற்குமேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் தண்ணீர் கியர்பாக்ஸில் கலந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து இதே நிறம் வரும்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் குறிப்பிட்ட சூட்டில், லிஃப்டில் ஏற்றி, லெவல் போல்ட்டைத் திறந்துதான் அளக்க முடியும். ரோட்டோரத்தில் வேண்டாம்.

இப்போது என் கதை. முதல் ஷெட்டில் எண்பத்தைந்தாயிரத்துக்கு நான் தயங்கியதும், “சரி, ஒரு தடவை ஃபிளஷ் பண்ணிப் பார்ப்போம்” என்றார்கள், அதாவது பழைய ஆயிலைத் தள்ளி வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவது. 6,500 ரூபாய். எல்லா வண்டிக்கும் ஒத்துப்போகும் என்று சொல்லி ஒரு டின்னை ஊற்றினார்கள். என் பாக்ஸுக்கு எஸ்.பி-3 தர ஆயில் வேண்டும் என்று மேனுவலில் அச்சடித்திருக்கிறது. நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. அதுவரை இல்லாத நடுக்கம் அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. ஆட்டோமேட்டிக் ஆயில் வெறும் மசகு இல்லை. கிளட்ச் பிளேட்டுகள் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதே அந்த ஆயிலின் கையில்தான் இருக்கிறது. அதனால் டின்னின் மேல் உங்கள் மேனுவலில் உள்ள அதே குறியீடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க விடுங்கள். காலி டின்னைப் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. கீழே போல்ட்டைத் திறந்து வடித்தால் மொத்த ஆயிலும் வராது. என் வண்டியில் ஆறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வடிந்தது மூன்றேகால் லிட்டர். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புவதுதான் பழைய வண்டிக்குப் பாதுகாப்பு. அந்தத் தப்பான ஆயிலை இப்படி இரண்டு முறை வெளியேற்ற எனக்கு 5,500 ஆனது. வருடக்கணக்கில் ஆயிலே மாற்றாத பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தமாக ஃபிளஷ் செய்வதை நான் ஒப்பமாட்டேன். படிந்திருந்த தூள் கிளம்பி, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் போய் அடைத்துக்கொள்ளும்.

4. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், எஞ்சினை மட்டும் அல்ல

கடையில் கிடைக்கும் விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். அதில் பி0700 என்று கோடு (குறையைக் குறிக்கும் எண்) வந்தால், ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு குறை பதிவாகியிருக்கிறது, போய்க் கேள்’ என்பதுதான் அதன் பொருள். குறை என்ன என்பது அதில் இருக்காது. அதைக் காட்டி ‘கியர்பாக்ஸ் கோடு வந்திடுச்சு’ என்பவரை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் மெஷின் வேண்டும். எனக்கு 800 ரூபாய் ஆனது.

அடிக்கடி வருபவை: பி0705 என்றால் லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச். பி0715 உள்சுழற்சி வேக சென்சார், பி0720 வெளிச்சுழற்சி வேக சென்சார். பல வண்டிகளில் இவை வெளியிலிருந்தே கழற்றக்கூடியவை. பாக்ஸை இறக்க வேண்டாம். பி0730 என்றால் கியர் விகிதம் ஒத்துவரவில்லை, அதாவது வழுக்கல் இருக்கலாம். பி0741 டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச், அதாவது எஞ்சினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச் சம்பந்தப்பட்டது.

கோடு ஒரு துப்பு, அவ்வளவுதான். பி0715 வந்தால் சென்சாரும் போயிருக்கலாம், அதற்குப் போகும் வயரும் எலி கடித்திருக்கலாம். இரண்டாவதாகப் போன ஷெட்டில் இருந்த அண்ணன் வண்டியை நாற்பது நிமிடம் போக்குவரத்தில் ஓட்டி, சூடேற்றி, லிம்ப் மோட் வந்ததும் மல்டிமீட்டரை வைத்தார். குளிர்ந்திருக்கும்போது சரியான அளவு காட்டிய சென்சார், சூட்டில் உள்ளே இணைப்பு அறுந்ததாகக் காட்டியது. “வெயில்ல மட்டும் ஏன் வருதுன்னு இப்ப தெரியுதா?” என்றார். சென்சார் 2,400, கூலி 1,500.

ஸ்கேன் முடியும்வரை யாரும் பேட்டரி டெர்மினலைக் கழற்றக் கூடாது. பல வண்டிகளில் கோடுகள் அழிந்துவிடும். அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுங்கள்.

5. வண்டி நின்றுவிட்டால் எப்படி நகர்த்துவது

தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, முயற்சியே வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் வறண்டு சுழலும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், முழு வண்டியையும் ஏற்றிக்கொள்ளும் ஃபிளாட்பெட் இன்னும் நல்லது. போனிலேயே “ஆட்டோமேட்டிக் வண்டி” என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டு, கொக்கி வண்டி வந்து, அதைத் திருப்பி அனுப்ப 2,000 கொடுத்தேன். உங்கள் இன்சூரன்ஸில் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். இருப்பதே தெரியாமல் காசு கொடுப்பவர்கள் உண்டு.

6. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் கிடைக்காது. வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டு கியர்பாக்ஸின் அடித்தட்டு உடைந்தால் அது விபத்து, கேட்கலாம். ஆனால் ஆயில் ஒழுகுவது தெரிந்தும் வீடுவரை ஓட்டிவந்து உள்ளே கருகினால், அந்தக் கருகலுக்குச் சாதாரண பாலிசி தராது. அடிபட்ட இடத்திலேயே நிறுத்தி, படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சி.சி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். ஆர்.சி, லைசென்ஸ், பாலிசி நகல், எஸ்டிமேட் தயாராக இருக்கட்டும். சர்வேயர் பார்க்கும்முன் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

7. நிஜமாகவே பாக்ஸ் போயிருந்தால்

முதலில் ஆர்.சி-யைக் கையில் எடுத்துத் தேதியைப் பாருங்கள். தனியார் கார் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் முடிந்தால் கட்டணம் 5,000. 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐ, பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடும். வண்டியை ஆர்.டி.ஓ-வில் காட்டவும் வேண்டும். எட்டு மாதத்தில் பதிவு முடியப்போகிற வண்டிக்கு லட்ச ரூபாய் போடுவதா என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள். துரு, டயர், சஸ்பென்ஷன் செலவுகளையும் அதே காகிதத்தில் எழுதுங்கள்.

சரி, செய்வது என்று முடிவானால் மூன்று வழி. புதுப் பாக்ஸ்: பழைய மாடலுக்குக் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் வண்டியின் சந்தை விலையைத் தொடும். ஓவரால்: பிரித்து பிளேட், சீல், சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) மாற்றுவது, எனக்குச் சொன்னது 60,000 முதல் 85,000, மூன்று வாரம், பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் இன்னும் கூடும். செகண்ட் ஹேண்ட் பாக்ஸ்: பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் எனக்குச் சொன்ன விலை 28,000 முதல் 40,000, மாட்டும் கூலி தனி, நான்கு நாளில் முடியும்.

புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, பாக்ஸின் மேல் உள்ள குறியீடு ஒத்துப்போக வேண்டும். ஆயில் வடித்துப் பாருங்கள்: பால் நிறம், துரு என்றால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியுடையது. 2015, 2023 வெள்ளங்களில் நின்றவற்றின் பாகங்கள் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அடித்தட்டுக் காந்தத்தில் மை மாதிரி மெல்லிய தூள் இருப்பது சகஜம். பளபளக்கும் செதில் இருந்தால் வேண்டாம். டார்க் கன்வர்ட்டரோடு சேர்த்து வாங்குங்கள். ‘டெஸ்டிங் வாரண்டி’ எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் கடை வாசலோடு சரி.

எஞ்சினையும் பாக்ஸையும் ஒரே செட்டாக, விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அங்கே நிதானம். ஆர்.சி-யில் இருப்பது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும். கியர்பாக்ஸ் மாற்றினால் ஆர்.சி-யில் ஒன்றும் மாறாது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும். அது இல்லாமல் மாற்றினால் விற்கும்போதும், புதுப்பிக்கும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டுவீர்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஆயில் கூலரைச் சுத்தம் செய்தார்களா, மாற்றினார்களா? செத்த பாக்ஸின் தூள் அதில் தங்கியிருக்கும், வந்த பாக்ஸையும் அதுவே தின்னும். டார்க் கன்வர்ட்டர் முழுசாக உள்ளே உட்கார்ந்ததா? உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் ஆயில் பம்ப் அங்கேயே உடையும்.

8. எஸ்டிமேட்டில் என்ன இருக்க வேண்டும்

‘கியர்பாக்ஸ் வேலை – 85,000’ என்று ஒரே வரியில் தந்தால் வாங்காதீர்கள். கண்ட குறை என்ன, எந்தச் சோதனையில் தெரிந்தது, மாற்றும் பாகங்கள் ஒவ்வொன்றும் புதிதா பழையதா, ஆயிலின் தரமும் லிட்டரும், இறக்கி ஏற்றும் கூலி, கம்ப்யூட்டர் செட்டிங், முடியும் தேதி, வாரண்டி எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். பிரித்த பிறகு கூடுதலாக எது வந்தாலும் போனில் கேட்டு, வாட்ஸ்அப்பில் நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இதை எழுதச் சொன்ன உடனேயே என் எஸ்டிமேட்டிலிருந்து இரண்டு பாகங்கள் காணாமல் போயின.

ஜி.எஸ்.டி: 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரிபாகத்துக்கும் 18 சதவீதம்தான். பழைய 28-ஐ இன்னும் போடுபவர்கள் இருக்கிறார்கள், பில்லைப் பாருங்கள்.

இறக்கிய பிறகு ‘வேண்டாம்’ என்று சொன்னால், இறக்கி ஏற்றும் கூலியைக் கொடுத்துத்தான் வண்டியை எடுக்க முடியும். எனவே இரண்டாவது ஆளிடம் கேட்பதாக இருந்தால் இறக்குவதற்கு முன் கேளுங்கள்.

9. டெலிவரி அன்று

வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியோடு பில்லை நீட்டுவார்கள். பணம் கொடுக்கும்முன் நாற்பது நிமிடம் ஓட்டுங்கள், முடிந்தால் மத்தியானத்தில், ஏ.சி போட்டு, ஒரு மேம்பாலமும் ஒரு நெரிசலும் இருக்கும் வழியில். மெக்கானிக் பக்கத்தில் உட்காரட்டும். நிறுத்தி, பி-யிலிருந்து ஆர், ஆரிலிருந்து டி என்று நான்கைந்து முறை போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் புதிதாகப் பழகும் முதல் சில நாட்களில் கியர் மாறுவது கொஞ்சம் முரடாக இருக்கலாம். வழுக்கல் இருக்கக் கூடாது. திரும்பி வந்து இன்னொரு முறை ஸ்கேன், புதுக் கோடு இல்லை என்று படம். இரவு வண்டிக்குக் கீழே பழைய அட்டையை விரித்து, காலையில் சிவப்புச் சொட்டு இருக்கிறதா பாருங்கள்.

10. ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால்

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஜி.எஸ்.டி பில், எஸ்டிமேட், ஜாப் கார்டு, ஸ்கேன் படம், பழைய பாகம் எல்லாம் இருந்தால்தான் அங்கே பேச முடியும். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிய ‘ஃபிளஷ் 6500’ மட்டும். அந்தப் பணத்தை விட்டுவிட்டேன்.